பில்லைப் பாதியாக்கும் பெட்டியோடு ஒருவர் வந்தால்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில்தான் எங்கள் கணக்குக் கந்தோர். ஆறு பேர், இரண்டு ஏசி, கம்ப்யூட்டர்கள், சோக் என்ற கம்பிச்சுருள் வைத்த பழைய டியூப் லைட்கள். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணத்தை அடுத்தடுத்துக் கூட்டியதிலிருந்து பில் வரும் நாளில் எனக்கு வயிறு கலங்கும். பில்லைப் பாதியாக்கும் பெட்டி என்று விற்க வந்த பொடியனுக்கு அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தில் அட்டை, கையில் ஒரு பலகை. பலகையில் ஒரு டியூப் லைட், மின்னோட்டத்தை அம்பியரில் காட்டும் மீற்றர், ஒரு பிளக் பொயின்ற். "அண்ணா, வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்" என்றான். லைட்டைப் போட்டதும் மீற்றர் 0.43 காட்டியது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொயின்றில் செருகினான். 0.22! லைட் கொஞ்சமும் மங்கவில்லை. கணக்கே தொழிலாகக் கொண்ட ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஒன்று 9,500 ரூபாய். ஏசிக்கு ஒன்றாக இரண்டு வாங்கினேன். பேரம் பேசி ஐந்நூறு குறைத்த பெருமை வேறு.

அதற்கு முந்தைய மாதம் 412 யூனிற். பெட்டி வந்த மாதம் 418. போன் எடுத்தேன். "முதல் மாதம் பெட்டி உங்கட லைனைப் படிக்கும் அண்ணா, அடுத்த மாதம் பாருங்கோ" என்றான். அடுத்த மாதம் 409. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. சிட்டையில் இருந்த கொட்டாஞ்சேனை விலாசத்துக்குப் போனால் அங்கே சலூன். இப்படித் தேடி வந்ததில் நான் நாலாவது ஆளாம்.

ஏசி சேர்விஸ் செய்ய வரும் பாஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பி விடும் ஒரு கொள்ளளவி (கப்பாசிட்டர்), ஒரு பச்சை லைட். அவ்வளவுதான். பொடியன் காட்டிய 0.22 பொய்யில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சோக் உள்ள லைட்டும் மோட்டரும் தங்கள் வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான மின்னோட்டத்தை இழுத்து, அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். கொள்ளளவி அந்தப் போக்குவரத்தைப் பக்கத்திலேயே முடித்துவிடுவதால் அம்பியர் குறையும். ஆனால் சுவரில் இருக்கும் மின்சார சபை மீற்றர் அதை எண்ணுவதே இல்லை. அது எண்ணுவது உண்மையில் செலவான யூனிற்றை மட்டும். எங்களைப் போன்ற சிறிய இணைப்புகளுக்கு பில் வருவதும் யூனிற்றுக்கும் நிலையான கட்டணத்துக்கும்தான். 42 கேவிஏக்கு (இணைப்பின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) மேற்பட்ட பெரிய இணைப்புகளுக்கு, ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. அங்கே ஒழுங்காகக் கணக்கிட்டுப் பொருத்தும் கொள்ளளவிகளால் உண்மையிலேயே காசு மிஞ்சும். அந்தப் பெரிய இடத்து உண்மையைத்தான் எனக்கு வெள்ளைப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறான்.

பாஸ் போன பிறகும் மனம் ஆறவில்லை. ஏசி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு லைட்களையும் ஃபான்களையும் மட்டும் போட்டு, சபை மீற்றரில் செலவாகும் மின்சாரத்துக்கு ஏற்ப மினுங்கும் சிவப்பு லைட்டை எண்ணினேன். பெட்டி இல்லாமல் பத்து மினுங்கலுக்கு 62 வினாடி. பெட்டியோடும் 62. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. வாங்குவதற்கு முன்பு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. ஒரு பெட்டியின் பிளக் ஊசியைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. இரவு முழுக்கச் செருகியபடியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறோம். யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

அதன் பிறகு ஏசி ஃபில்டரைக் கழுவி 26இல் வைத்தோம், 36 வாட் டியூப்களை 18 வாட் எல்ஈடிக்கு மாற்றினோம். அந்த மாதம் 351 யூனிற்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாடு கொடுக்க நினைத்துச் சிட்டையை எடுத்துப் பார்த்தால் வியாபாரப் பதிவு எண் கூட இல்லை. காசு கொடுக்கும்போது பார்க்க வேண்டியதை மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன்.

போன கிழமை பம்பலப்பிட்டியில் நண்பர் ஒருவரின் கந்தோருக்கும் பலகை வந்திருக்கிறது. பெட்டி இப்போது நீல நிறமாம். உங்களிடம் வந்தால் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுத் தேநீர் வைக்கும் கேத்திலைச் செருகச் சொல்லுங்கள். அதற்கு சோக்கும் இல்லை, மோட்டரும் இல்லை. அம்பியர் குறையாது.