கோர்ட் சான்று ஆவணங்களை அடுக்கித் தரும் சேவை, காசுக்குத் தகுமா?

விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது, பராமரிப்புத் தொகை என்று மூன்றும் ஒரே வழக்கில் சிக்கிக்கொண்டதால், சான்று ஆவணங்களை அடுக்கித் தரும் ஓர் ஆன்லைன் சேவையிடம் என் குவியலை ஒப்படைத்தேன். பேர் வேண்டாம். அடுக்கிய விதத்தில் குறை சொல்ல முடியாது: தேதி வரிசை, சான்று எண், பக்க எண், முன்னால் ஓர் அட்டவணை, சம்பளச் சீட்டு தனியாக, பள்ளிக் கட்டண ரசீது தனியாக, வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி 4 இலக்கம் தவிர மற்றதெல்லாம் மறைத்து. வாட்ஸ்அப்பில்தான் சொதப்பிவிட்டார்கள். "இன்னிக்குக் குழந்தையை அனுப்ப முடியாது" என்ற ஒற்றை வரியை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள், அனுப்பியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, அதற்கு முன்னால் வந்த "காய்ச்சல் அடிக்குது" என்ற செய்தியும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முழு உரையாடலையும் எடுத்து நீட்டினால் நம் கதி என்ன? கேட்டதும் திருத்தித் தந்தார்கள், சரி. ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாயே திறக்க மாட்டார்கள், அதை நம் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். கோபத்தில் திட்டிக்கொண்ட செய்திகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அப்படியே எண் போட்டுத் தருவார்கள். பக்கக் கணக்கில்தானே கட்டணம், அவர்களுக்கு என்ன நஷ்டம்!