“இந்த மாடலுக்கே அப்படித்தான்” என்று சொன்னால் உஷார்

வீட்டில் எக்சர்சைஸ் பைக் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வாரண்டி இன்னும் முடியாதவர்கள், இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பேச்சை வேறு கம்பெனி ஆட்களிடமும் நீங்கள் கேட்கலாம்.

வாங்கிச் சில மாதங்களிலேயே இடது காலை மிதிக்கும்போது ‘டொக்’ என்று சத்தம். ஒரு சுற்றுக்கு ஒரு டொக். பெடல் ஆடவில்லை, பெடலைத் தாங்கும் கிராங்க்தான் அச்சில் ஆடியது. சர்வீஸ் ஆள் வந்தார். மூடியைக் கழற்றி நட்டை ஸ்பேனரால் ஒரு முறுக்கு முறுக்கினார். “இந்த மாடலுக்கே அப்படித்தான் சார், அப்பப்போ டைட் பண்ணிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சத்தம் திரும்பி வந்தது. அவரும் வந்தார். அதே முறுக்கு, அதே வசனம். வாரண்டி முடியும்வரை இந்தக் கூத்து நடந்தது.

முடிந்ததும் வசனம் மாறிவிட்டது. “அச்சு, பேரிங், ரெண்டு கிராங்க், எல்லாத்தையும் மொத்தமா மாத்தணும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார், பழசை எடுத்துக்கறோம்.”

சைக்கிள் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்து கிராங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இந்த வகை பைக்கில் அச்சின் முனை சதுரமாக, லேசாகக் கூம்பி இருக்கும். கிராங்கின் துளையும் சதுரம். நட்டை இறுக்க இறுக்கத் துளை அச்சின் மேல் ஏறிக் கவ்விக்கொள்ளும். லூசாக இருக்கும்போதே மிதித்துக்கொண்டிருந்தால் துளையின் மூலைகள் நசுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. என் கிராங்கின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்; மூலை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, வழவழவென்று வட்டமாகியிருந்தது. அச்சின் விளிம்புகளோ கூர்மை குறையாமல் அப்படியே இருந்தன. பேரிங்கைச் சுற்றினால் கரகரப்பே இல்லை. மாற்ற வேண்டியது ஒரே ஒரு கிராங்க்!

தினமும் இதே வேலை பார்ப்பவருக்கு இது தெரியாதா? வாரண்டியில் மாற்றித் தர வேண்டிய பாகத்தை முறுக்கி முறுக்கியே நாளைக் கடத்தியிருக்கிறார்கள். பழைய சர்வீஸ் சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் எரிச்சல் உச்சிக்கு ஏறியது. வாயால் சொன்னது ‘மாடலுக்கே அப்படித்தான்’. எழுதியது எல்லாவற்றிலும் ‘சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை’.

குறை வருவது உலக அதிசயம் இல்லை. 2020 அக்டோபரில் அமெரிக்காவில் எக்சர்சைஸ் பைக் விற்கும் பெலோட்டான் கம்பெனி, பெடல் உடைவதாகப் புகார் வந்ததால் சுமார் 27,000 பைக்குகளின் பெடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மாற்றுப் பெடலை இலவசமாகக் கொடுத்தது. 2023இல் அதே கம்பெனியின் சீட் கம்பி உடைந்த விவகாரத்தில் சுமார் 22 லட்சம் பைக்குகள் சிக்கின. (என்னுடையது அவர்கள் பைக் இல்லை.) அங்கே குறையை ஊரறியச் சொன்னார்கள். எனக்கு அதைக் காதோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதனால் அந்த வசனத்தைக் கேட்டதும், “சரி, அதையே சர்வீஸ் சீட்டில் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். புதுப் பாகம் போட்டால் அது பழைய அமைப்பிலேயே செய்ததா, குறை நீக்கி மாற்றி அமைத்ததா என்று கேளுங்கள். பழைய அமைப்பே என்றால் அதுவும் ஒருநாள் லூசாகலாம். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும்.

ஃபிரேமின் வெல்டிங்கிலோ சீட் கம்பியிலோ விரிசல் என்றால் ரிப்பேர் பேச்சே வேண்டாம், அதில் ஏறாதீர்கள். கிராங்க், பெடல், பேரிங் மட்டும் என்றால் பைக்கைத் தூக்கிப் போட அவசியமில்லை.

ஆட்டம் எங்கே என்று நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். ஒன்று மட்டும் ஆடினால் கோளாறு அந்தக் கிராங்கில். அச்சோடு சேர்ந்து இரண்டும் பக்கவாட்டில் ஆடினால் பேரிங்கில். அதை வீடியோ எடுத்து, வாரண்டி தேதி முடிவதற்குள் எழுத்தில் புகார் அனுப்பிவிடுங்கள்.