தீபாவளிச் சரக்கு: வாங்கி அடுக்குவதா, கேட்ட பிறகு வாங்குவதா, படத்தை மட்டும் விற்பதா?

ஆவணி பிறந்தால் எனக்கு நித்திரை குறைந்துவிடும். கிளிநொச்சியில் வீட்டு முன்னறையைக் கடையாக்கி, கைபேசியில் படம் போட்டு விற்பவள் நான். ஒரு பக்க அலுமாரியில் சாறியும் சிறுவர் ஆடையும். மறுபக்கத்தில் பனைப் பொருள்கள்: காய்ந்த பனங்கிழங்கான ஒடியல், பனங்கட்டி, ஓலையில் பின்னிய கடகம், நீத்துப்பெட்டி. தீபாவளியில் தொடங்கி, நத்தாரைத் தாண்டி, தைப்பொங்கல் வரை நடக்கும் விற்பனைதான் மற்ற மாதங்களுக்கும் சோறு போடுகிறது. வடகீழ்ப் பருவமழையும் அதே மாதங்களில்தான் எங்கள் பக்கம் குடியிருக்க வருகிறது.

சரக்குப் பிடிப்பதில் என்னைப் போன்றவர்களுக்கு மூன்று வழிகள். நான் முன்கூட்டியே வாங்கி அடுக்குகிறவள். புதுக்குடியிருப்பில் இருக்கும் என் சித்தி மகள் முன்பதிவு எடுத்த பிறகே வாங்குகிறாள். வவுனியாவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் எதையுமே வாங்குவதில்லை; கொழும்பு மொத்த வியாபாரி அனுப்பும் படத்தைத் தன் பக்கத்தில் போட்டு, வந்த ஓடரை அவரிடமே தள்ளிவிடுகிறார். பொதியும் அங்கிருந்தே போய்விடும். மூவரும் மற்ற இருவரையும் பார்த்து இரக்கப்படுகிறோம்.

முதலில் என் வழி. புரட்டாதி முற்பகுதியில் இரவு பஸ் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து கொழும்பின் மொத்தக் கடைகள் இருக்கும் புறக்கோட்டைக்குப் போனால், கடைகளில் நெரிசல் இருக்காது. துணியை விரித்துப் பார்க்கலாம், கரையைக் கசக்கிப் பார்க்கலாம், விலை பேசலாம். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனால் தள்ளுமுள்ளுக்குள் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். அதைவிடப் பெரிய வசதி, "இருக்கிறதா அக்கா?" என்று கேட்பவருக்கு "இருக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன்" என்று சொல்ல முடிவது.

இந்தச் சொல்லுக்கு மிக நல்ல விலை தருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம். கனடாவில் இருக்கும் மகள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு சாறி வேண்டும் என்று எழுதும்போது இங்கே விடிகாலை. நான் தேநீர் வைப்பதற்குள் பணம் வங்கியில் விழுந்துவிடும். அவருக்கு வேண்டியது இரண்டே: அந்த வாரத்திலேயே சாறி அம்மாவின் கைக்குப் போக வேண்டும், அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வர வேண்டும். பொருள் வீட்டில் இல்லாமல் இந்த வாடிக்கையைப் பிடிக்கவே முடியாது.

ஆனால் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு சாறியை 2,400 ரூபாய்க்கு வாங்கி 3,200க்கு விற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலாபம் 800. விற்காமல் கிடந்தால் மாசியில் 1,400க்குத் தள்ளிவிட வேண்டும், நட்டம் 1,000. ஆள் கேட்டு என்னிடம் இல்லாமல் போனால் இழப்பது 800, ஆள் இல்லாமல் என்னிடம் கிடந்தால் இழப்பது 1,000. ஆகவே நாற்பது போகும் என்று மனம் சொன்னால் முப்பத்தைந்து வாங்குவதுதான் புத்தி. நான் என்ன செய்தேன்? ஒரு வருடம் மயில்நீலம் ஓடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரே நிறத்தில் அறுபது சுடிதார் இறக்கினேன். அதில் பத்தொன்பது இன்னும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. உறவினர் பிறந்தநாள் வந்தால் இப்போது எங்கள் வீட்டில் பரிசுக்கு யோசிப்பதே இல்லை.

வெள்ளமும் உண்டு. 2018 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்கள் இருக்கும்போது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் நீருக்குள் போயின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருந்தார்கள். அன்றைக்குத் தரையில் வைத்திருந்த இரண்டு சாக்கு ஒடியலையும் கடைசியில் மாட்டுக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை.

இனி என் தங்கையின் வழி. அவள் படம் போடுவாள், பாதி முற்பணம் வாங்குவாள், குறித்த நாளில் கணக்கை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போவாள். எஞ்சிய சரக்கு என்ற பேச்சே இல்லை. நகையை அடகு வைத்து முதல் தேட வேண்டியதும் இல்லை; ஊரார் தரும் முற்பணமே முதல். கடன் வாங்கி நொந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முற்பணத்தால் இன்னொரு தொல்லையும் குறைகிறது. பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையில் அனுப்பினால், பண்டிகைக் காலத்தில் ஒருவரே மூன்று பக்கங்களில் ஓடர் போட்டுவிட்டு, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிடுவார். போன கூலியும் வந்த கூலியும் விற்றவர் தலையில். சாறி திரும்பி வரும்போது தீபாவளியும் முடிந்திருக்கும். ஆயிரம் ரூபாய் முற்பணம் போட்டவர் அப்படிச் செய்வதில்லை.

அவள் வழியில் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. எனவே ஏறத்தாழப் பதினைந்து நாள் முன்னால் பூரணை விடுமுறை தவறாமல் விழும், சில வருடங்களில் வார இறுதியோடு ஒட்டிக்கொண்டு. முன்பதிவை மூடி, வாங்கி, பிரித்து அனுப்புவதற்கு இருக்கும் கொஞ்ச நாட்களில் அதுவும் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளும். இந்த 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மூன்று நாள் கழித்து நவம்பர் 11, பெரிய இணையச் சந்தைகளின் 11.11 மலிவு விற்பனை. சீனாவில் அலிபாபா 2009இல் தொடங்கிவைத்த வழக்கம், இப்போது எங்கள் ஒழுங்கைக்குள் வரும் கூரியர் வண்டியையும் நிரப்புகிறது. கடைசி வாரத்தில் வாங்குகிறவளுக்கு நிறமும் மாறும். மாம்பழ மஞ்சள் என்று முற்பணம் வாங்கிவிட்டு எலுமிச்சை மஞ்சளோடு வந்து நின்றபோது, "படத்தில் வேறு மாதிரி இருந்ததே, தங்கச்சி" என்று ஒரு பெரியம்மா சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெரியம்மாவின் தெரு முழுவதும் அதோடு போய்விட்டது.

மூன்றாவது வழியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதலும் வேண்டாம், அலுமாரியும் வேண்டாம். ஒரு துணிக்கு இருநூறு முந்நூறு கிடைக்கும். அதே படம் இன்னும் பத்துப் பக்கங்களில் இருக்கும்; அங்கே ஐம்பது ரூபாய் குறைவாக. துணியைத் தொட்டே பார்க்காதவர் சாயம் போகுமா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? வவுனியாத் தம்பி கெட்டிக்காரர்தான். ஆனால் பொதி பிந்தினால் திட்டு வாங்குவது அவர், பிந்த வைத்தவர் கொழும்பில். புதிதாகத் தொடங்குகிறவர் எது ஓடுகிறது என்று ஒரு பருவம் நாடி பிடித்துப் பார்க்க இது உதவும். அதற்கு மேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆக, எது மேல்? இதைப் பொருளுக்குப் பொருள்தான் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இப்போது ஒவ்வொரு சரக்கையும் கையில் எடுத்து, தீர்ந்துபோனால் அடுத்த வாரம் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்கிறேன்.

சாறியை வாங்க முடியும், நிறம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும். பனைப் பொருளை முடியவே முடியாது. கருப்பநீர் (பதநீர்) இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவது ஆண்டின் முற்பாதி வேலை. ஆடி ஆவணியில் பழம் விழும், அதன் களியைக் காயவைத்து எடுக்கும் பனாட்டு அப்போதுதான். விதையைப் பாத்தியில் புதைத்தால் கிழங்கு கிண்டுவது மார்கழி, தையில்; அதைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஐப்பசியில் ஒருவர் ஒடியல் கேட்டால், அது மாசி பங்குனி வெயிலில் காய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். மழைக்குள் பூநகரிக்கோ பளைக்கோ போய், "இன்னும் இருபது கிலோ தாருங்கள் ஆச்சி" என்று நின்றால் ஆச்சி சிரிப்பார். முல்லைத்தீவுக் கருவாடும் அப்படியே. கடல் கொந்தளித்து வெயிலும் ஒளிந்துகொண்ட பிறகு எதைக் காயவைப்பது?

இவற்றில் மிஞ்சினாலும் பயமில்லை. தீபாவளிக்குப் போகாத ஒடியல் பொங்கலுக்குக் கொழும்புக்குப் போகும். சாறியைப் போல நிறம் பழசாகாது. எதிரி ஈரமும் வண்டும் மட்டும். பனங்கட்டி மழைக்காற்றில் இளகி ஓலைக் குட்டானோடு ஒட்டிக்கொள்ளும். இறுக்கி மூடும் வாளிக்குள் வைத்தால் தாங்கும். எனவே பனைப் பொருளுக்கு என் வழி, பட்டுச் சாறிக்கும் பெரியவர்களின் உடைக்கும் தங்கையின் வழி. சிறுவர் ஆடை இரண்டுக்கும் நடுவில். நாலு வயது தொடக்கம் எட்டு வயது வரையான அளவுகள் எப்படியும் போய்விடும் என்பது என் அனுபவம். அவற்றை வாங்கி வைப்பேன், மற்றவை கேட்டால் மட்டும்.

நாளைக் குறிப்பதிலும் எங்கள் மண்ணுக்கென்று ஒரு கணக்கு உண்டு. நவம்பர் கடைசி வாரம் இங்கே போரில் மாண்டவர்களுக்கான நினைவேந்தல் நாட்கள். அந்த வாரத்தில் நான் புதுத்துணிப் படம் எதுவும் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு விளக்கோடு நிற்கும்போது மலிவு விற்பனை பற்றி யாரிடம் பேசுவது? நத்தாருக்கான மன்னார் ஓடர்களை டிசம்பர் முதல் வாரத்தில்தான் எடுக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து தெருக்களையும் பாலங்களையும் அறுத்தபோது, பொதிகள் எங்கே நிற்கின்றன என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு, மழை மாதங்களில் யாருக்கும் திகதி சொல்லி வாக்குக் கொடுப்பதில்லை. "வந்தவுடன் அனுப்புவேன், பிந்தினால் முற்பணம் திருப்பித் தருவேன்" என்று எழுதியே விடுகிறேன். சிலர் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

இந்த முறை தங்கையும் நானும் சேர்ந்தே செய்கிறோம். பனங்கட்டியும் ஒடியலும் என் வீட்டில் ஏற்கனவே வாளிகளில். சாறிக்கு அவள் முன்பதிவைப் பூரணைக்கு முந்திய வியாழனோடு மூடுவாள்; அன்று இரவே பஸ். கேட்டதற்கு மேல் ஐந்து சாறி மட்டும் கூடுதலாக எடுப்பது என்று பேசியிருக்கிறோம், கனடாவிலிருந்து விடிகாலையில் எழுதுகிறவர்களுக்காக. பத்து எடுக்கலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள்.