மனநல பாதிப்பு உள்ளவங்களுக்கு வேலை வாங்கித் தர்ற சென்டர், காரைக்குடி பக்கம்: ஆளுங்க தங்கம், கணக்குதான் கோளாறு

5க்கு மூன்றரை. பேர் போடல, விசாரிச்சா ஊர்ல யாரும் சொல்லிடுவாங்க. தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, மாத்திரையில நல்லா இருக்கான், ஆனா வீட்டுக்குள்ளயே கிடந்தான்.

கவர் ஒட்டு, மெழுகுவத்தி ஊத்துன்னு பயிற்சிங்கிற பேர்ல வருஷக்கணக்கா உக்கார வைக்கல இவங்க, அதுவே பெரிய விஷயம். என்ன புடிக்கும்னு அவன்கிட்டயே கேட்டு நேரா ஒரு பலகாரக் கடையில சேர்த்துவிட்டாங்க. ராத்திரி மாத்திரைக்கு காலையில கண்ணே தொறக்காது, கை வேற லேசா நடுங்கும், விடியுமுன்னே அடுப்பு பத்த வைக்கிற இடத்துல இவன் எப்படிடான்னு எனக்கு ஒரே கவலை. சென்டர் பொண்ணு போய் கடை ஆச்சிகிட்ட பேசி, பத்து மணிக்கு வரட்டும், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வேணாம், மணகோலம் சீப்புச்சீடை எடை போட்டு பாக்கெட் ஒட்டுற வேலை குடுங்கன்னு முடிச்சுட்டு வந்துச்சு. அப்புறமும் அப்பப்ப கடைக்கு வந்து எட்டிப் பாக்கும்.

இப்ப கடுப்புக்கு வரேன். வாசல் போர்டுல இத்தனை பேர் வேலையில சேர்ந்தாங்கன்னு கொட்டை எழுத்து. சேர்ந்தது மட்டும்தான்! தீபாவளி சீசன் முடிஞ்சதும் அனுப்பிவிட்ட ஆளும் அதுல, வருஷம் தாண்டி நிக்கிற ஆளும் அதுல. தம்பி பிறகு கூடுதல் சம்பளத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு மாறுனான், கலர் ஊத்த கை நிலையா நிக்கணும், அதனால தண்ணித் தொட்டியில ஊறுன கல்லை எடுத்து அடுக்குற வேலை. ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா, "பாதியில் நின்றவர்". சம்பளம் கூடிப் போனவன் எப்படிங்க ஃபெயிலு? "ஃபார்ம்ல அதுக்கு கட்டமே இல்லக்கா"ங்குது அந்தப் பொண்ணு, அது என்ன பண்ணும் பாவம்.

இப்படி பயிற்சின்னு இழுக்காம நேரா வேலையில சேர்த்துவிட்டு கூடவே துணை நிக்கிற முறைக்கு ஐபிஎஸ்னு (Individual Placement and Support, போலீஸ் ஐபிஎஸ் இல்ல) பேரு, 1990கள்ல அமெரிக்காவுல ட்ரேக், பெக்கர்னு ரெண்டு பேர் கொண்டுவந்தது. ஐரோப்பாவுல ஆறு ஊர்ல பண்ணி 2007ல வெளிவந்த ஆய்வுல, இந்த வழியில போனவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு வேலை, பழைய பயிற்சி வழியில 28தான். கேக்க பிரமாதம், ஆனா பதினெட்டு மாசத்துல ஒரே ஒரு நாள் வேலை பாத்திருந்தாலும் அந்த 55ல சேர்த்தி. அவங்களாச்சும் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் நின்னாங்கன்னு தனியா எண்ணுனாங்க. இங்க அதுகூட இல்ல.

2016 சட்டப்படி அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதுல மனநோய்க்காரங்க ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு எல்லாரோடயும் ஒரே 1 சதவீதத்தைப் பங்கு போட்டுக்கணும். அப்ப நம்ம ஆளுங்களுக்கு கடை, பட்டறைதான் கதி. அதனால மாசாமாசம் எத்தனை நாள் போனான், கைக்கு எவ்வளவு வந்துச்சு, அந்தக் காசு அவன் கையில வந்துச்சா இல்ல அண்ணன்காரன் வாங்கிக்கிட்டானா (நடக்குதுங்க), நின்னா ஏன் நின்னான், இதெல்லாம் எழுதுங்கப்பா. இத எழுதிக் குடுத்துருக்கேன், மேனேஜர் பாக்கலாம்னாரு. பாத்தா மிச்ச ஒன்றரையும் போட்டுடுவேன்.

காசு எதுவும் வாங்கல. போறவங்க யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), மாத்திரைச் சீட்டு ரெண்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல ஜெராக்ஸ் கடை கிடையாது.