ஃப்ளீட் தெருவில் ஓர் ஆள்மாறாட்ட எழுத்து

மதுரையில் 22 வருடம் கம்போசிட்டராக, அதாவது அச்சுக்கோப்பவனாக, இருந்தவன் நான். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பெயர்ப்பலகைதான் கண்ணில் படும். லண்டனில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஃப்ளீட் தெருவில் உள்ள 'யீ ஓல்ட் செஷயர் சீஸ்' என்ற பழைய பப்புக்கு மருமகன் கூட்டிப் போனார்.

பலகையில் முதல் எழுத்து ஒய் (Y). அந்த முதல் சொல்லை எல்லோரும் 'யீ' என்கிறார்கள், மருமகனும்தான். உண்மையில் அது 'தி' (the). பழைய ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. முள் என்று பொருள். நிமிர்ந்த கோட்டின் நடுவே வயிறு துருத்திய உருவம். 'திங்க்', 'தட்' இரண்டிலும் வரும் ஒலிக்கு அது ஒன்றே போதும், பத்துக்கும் பந்துக்கும் நம் த போதுவதுபோல. எழுதி எழுதி அதன் தலை திறந்துகொண்டு ஒய் போலவே ஆகிவிட்டது. அப்புறம் அச்சு வந்தது. அச்செழுத்துகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. அந்தப் பெட்டிகளில் தார்னுக்கு இடமில்லை. இல்லாத எழுத்துக்குப் பதில் ஒய்யை எடுத்துக் கோத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் அச்செழுத்துப் பெட்டியில் ஔ தீர்ந்துபோனால் ஒ பக்கத்தில் ள வைத்து ஒப்பேற்றுவோம். முதலாளிக்கே தெரியாது.

குழப்பம் என்னவென்றால், 'யீ' என்று நிஜமாகவே ஒரு சொல்லும் உண்டு: 'நீங்கள்'. 1611 பைபிளில் அந்த 'நீங்கள்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது; ஒருசில இடங்களில் ஒய்யின் தலைமேல் குட்டி ஈ வைத்த 'தி'யும் வருகிறது. பலகையில் உள்ள 'யீ ஓல்ட்' அவ்வளவு பழசல்ல. 19ஆம் நூற்றாண்டுக் கடைக்காரர்கள் பழமைக்காகப் பூசிக்கொண்ட அரிதாரம் அது.

ஆனால் கடை பழசுதான். 1666 பெருந்தீயில் எரிந்து, மறு வருடமே திரும்பக் கட்டியது. ஒரு சந்துக்குள் வாசல். பக்கத்தில் அது கண்ட ராஜா ராணிகளின் பட்டியல். உள்ளே இருட்டு மரச்சுவர், சின்னச் சின்ன அறைகள். மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடும் 'பை' (pie) சாப்பிட்டேன்; மேலோடு மொறுமொறுவென்று இருந்தது, குழம்பும் தாராளம். 5க்கு 4 கொடுப்பேன்.

பீர், யார்க்ஷயரில் டாட்காஸ்டர் என்ற ஊரிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் 'தௌ'வைத் தேய்த்து 'தா' என்று பேசுகிறார்கள். அதுதான் ஆங்கிலத்தின் பழைய 'நீ'. மற்ற ஊர்களில் 'நீ' போய், எல்லோரும் 'நீங்கள்' ஆகிவிட்டார்கள். கல்லாவில் நின்ற பையன் என்னையும் என் பேரனையும் ஒரே 'யூ'வில் முடித்துவிட்டான். தட்டுகளைக் காட்டி இன்னொருவனிடம் 'டேக் எம்' என்றான். அந்த 'எம்', 'தெம்' என்பதன் தேய்வு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வேறு. 'தெம்' வடக்கிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். 'எம்' அதற்கு முன்பே அங்கிருந்த 'ஹெம்'. எழுத்தில் தோற்றுப்போனது, பேச்சில் சாகவே இல்லை.

மறுநாள் ஒரு ரயில் நிலையத்துப் பக்கம் இன்னொரு 'யீ ஓல்ட்' டீக்கடை. பிளாஸ்டிக் பலகை, ஆறிப்போன டீ, செங்கல் மாதிரி ஸ்கோன். ஒய்யை மட்டும் வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள். அதற்கு 1.

செஷயர் சீஸுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். நாலு எட்டு வைத்தால் காஃப் சதுக்கம். 1755இல் வெளிவந்த ஆங்கில அகராதியை சாமுவேல் ஜான்சன் தொகுத்த வீடு அங்கேதான். பப்பின் நிலவறைக்கு இறங்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.