எட்டிமான்லைன்: ஸ்பெல்லிங் குழப்பத்துக்கு வேர் வைத்தியம்

'டெஃபினிட்' எழுதும்போது நடுவில் 'ஏ'யா 'ஐ'யா என்று பேனா நிற்கிறதா? டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இந்தச் சொற்பிறப்புத் தளத்தில் தேடுங்கள். 'எல்லை' என்று பொருள்படும் லத்தீன் 'ஃபினிஸ்' கிடைக்கும். அதன் உறவு 'ஃபைனைட்'. அதில் 'ஐ' காதிலேயே விழுகிறது.

ஊமை எழுத்துகளுக்கும் இதே வழிதான். 'சைன்'இல் ஒளிந்திருக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்'இல் வாய் திறக்கிறது. படித்தவர்களே 'சி' போட்டுச் சறுக்கும் 'சூப்பர்சீட்' (supersede) இன்னும் சுவாரசியம்: அதன் லத்தீன் வேர் 'செடேரே' (sedere), அதாவது உட்காருதல், எனவே 'எஸ்'. 'பிரிசீட்' (precede) வந்ததோ 'செடெரே' (cedere) என்று கேட்கும் இன்னொரு வினையிலிருந்து. போதல் என்று பொருள், எழுதுவது 'சி' போட்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே தளத்தில் எழுத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் பலிக்காது. 'ஐலண்ட்'இன் 'எஸ்', தீவைக் குறிக்கும் 'ஐல்' (isle) என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு பின்னாளில் நுழைந்தது. பழைய ஆங்கில வேரில் அது கிடையாது. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தளத்தில் நட்சத்திரக் குறியிட்ட ஊக வேர்கள் (எழுத்துச் சான்று இல்லாமல் அறிஞர்கள் ஊகித்தவை) ஸ்பெல்லிங்குக்கு உதவாது, தாண்டிப் போகலாம். இன்றைய பொருளுக்குத் தனி அகராதி கையில் இருக்கட்டும். சிறு பிள்ளைகளிடம் தளத்தை அப்படியே கொடுத்தால் மிரண்டுவிடுவார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.