வின்சர் கவுன்ட்டி கல்லறைகள்: சித்தப்பாவோடு ஒரு நாள்

ஊர் பார்க்க வந்த சித்தப்பாவை முதல் வாரமே கல்லறைக்குக் கூட்டிப்போனவன் என்ற பெயர் எனக்கு வீட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் கேட்டது அவர்தான். மனிதர் அரசியல் பைத்தியம், எந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியில் யாருக்கு டெபாசிட் போனது என்பதுவரை விரல் நுனியில் வைத்திருப்பவர். நயாகராவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இந்த ஊர்த் தலைவர்களை எங்கே புதைக்கிறார்கள் காட்டு என்றார். வாஷிங்டன் பக்கம் போனால் கூட்டம் நெரியும், அதனால் வெர்மான்ட் மாநிலத்தின் வின்சர் கவுன்ட்டிக்கு வண்டியைத் திருப்பினேன். மொத்த கவுன்ட்டியிலும் 2020 கணக்கெடுப்புப்படி 57,000 சொச்சம் பேர்தான். மலை, மாடு, மேப்பிள் மரம். இங்கே ஒரு அமெரிக்க அதிபர், ஒரு வெளியுறவு அமைச்சர், ஒரு தபால் துறைத் தலைவர், ஒரு ஆளுநர் எல்லாரும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் படுத்திருக்கிறார்கள். போய்வந்த அனுபவத்தை எழுதிவைக்கிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பிளிமத் நாட்ச். நேரம் குறைவு என்றால் இதை மட்டும் பாருங்கள், மற்றதை விட்டுவிடலாம். 30ஆவது அதிபர் கால்வின் கூலிட்ஜ் 1872 ஜூலை 4 அன்று பிறந்ததும் இங்கேதான், புதைக்கப்பட்டதும் இங்கேதான். மொத்த கிராமத்தையும் மாநில அரசு அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறது. கடை, கடையை ஒட்டிய பிறந்த வீடு, எதிரே அப்பா வீடு, மாதா கோயில், பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. வீடுகளுக்குள் போக டிக்கெட் உண்டு, மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை திறந்திருக்கும்.

சாலையைத் தாண்டினால் மலைச்சரிவில் கல்லறைத் தோட்டம். வரிசை வரிசையாகக் கற்கள். சித்தப்பா மூச்சு வாங்க மேலே ஏறி, இடுப்பில் கை வைத்து நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அதிபர் எங்கேடா?" என்றார். அவர் நின்றதிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. பக்கத்துக் கற்களைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை, எளிமையான கிரானைட் கல். மேலே அதிபர் முத்திரை, கீழே பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அவ்வளவுதான். அதிபராக இருந்தார் என்றோ, எத்தனை ஆண்டு ஆண்டார் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. முத்திரையைக் கவனிக்காவிட்டால் யாரோ ஊர்க்காரர் என்று தாண்டிப் போய்விடுவோம். மெரினாவில் அணையா விளக்கும் பளிங்கும் பார்த்துப் பழகிய கண், சித்தப்பாவுக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானாடா? காவலுக்குக்கூட ஒரு ஆள் இல்லையே."

"வாங்க சித்தப்பா, பக்கத்துக் கல்லைப் பாருங்க" என்றேன்.

இந்த இடத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதிபரின் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடாதீர்கள், வரிசை முழுவதையும் படியுங்கள். பக்கத்தில் இருப்பது இளைய மகன், அப்பாவின் பெயரே வைத்த கால்வின் ஜூனியர். 1908 ஏப்ரல் 13, 1924 ஜூலை 7. சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். "பதினாறு வயசுடா" என்றார், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா அதிபராக இருக்கும்போது வெள்ளை மாளிகை மைதானத்தில் காலுறை போடாமல் ஷூ மாட்டி டென்னிஸ் ஆடியிருக்கிறான், கால் விரலில் கொப்புளம், அது சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறி ஒரே வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. பெனிசிலினை ஃபிளெமிங் கண்டுபிடித்ததே 1928இல்தான். நாட்டின் ஆகப் பெரிய பதவியில் இருந்த தகப்பனால் ஒரு கொப்புளத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் கூலிட்ஜ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது இந்த இரண்டு கற்களுக்கு நடுவே நின்று யோசிக்கும்போது வேறு மாதிரி கேட்கிறது.

அதிபரின் அம்மா விக்டோரியா, மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது போனவர், அவரும் இங்கேதான். தங்கை அபிகேல் சின்ன வயதிலேயே போனவள். மனைவி கிரேஸ், 1957. மூத்த மகன் ஜான் 2000ஆம் ஆண்டுவரை இருந்திருக்கிறார். ஏழு தலைமுறைக் கூலிட்ஜ்கள் ஒரே தோட்டத்தில். குடும்பக் கணக்கில் இவர் நடுவில் வந்த ஒருவர், அந்தக் கணக்குக்குத் தகுந்த அளவில்தான் கல்லும் இருக்கிறது.

அப்பா ஜான் கூலிட்ஜும் அங்கே இருக்கிறார், அவரும் மாநில சட்டமன்றத்தில் இருந்த அரசியல்வாதிதான். அவர் கதைக்குத்தான் கீழே இறங்கி அந்த வீட்டுக்குள் போக வேண்டும். 1923 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறக்கிறார். துணை அதிபர் கூலிட்ஜ் விடுமுறையில் அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். வீட்டில் டெலிபோன் கிடையாது, மின்சாரமும் கிடையாது. நடுராத்திரி ஆள் வந்து சேதி சொல்லி, விடியற்காலை 2 மணி 47 நிமிடத்துக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த அப்பாவே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மேசைமேல் அம்மாவின் பைபிள் இருந்தது, ஆனால் அதன்மேல் கை வைத்து உறுதிமொழி எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கமில்லையாம், அதனால் சும்மா இருந்தது. முடித்துவிட்டு புது அதிபர் மறுபடி படுக்கப் போய்விட்டார். அந்தக் கூடம் இவ்வளவுதான் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கும்.

மாநில நோட்டரிக்கு நாட்டின் அதிபருக்குப் பிரமாணம் செய்துவைக்க அதிகாரம் உண்டா என்று சட்டத்துறையில் சந்தேகம் கிளம்பி, வாஷிங்டன் போனதும் ஒரு நீதிபதி முன்னால் கமுக்கமாக இன்னொரு முறை உறுதிமொழி எடுத்திருக்கிறார் கூலிட்ஜ், அது பல வருடம் வெளியே தெரியவில்லை. இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "பார்த்தியா, எல்லா ஊரிலும் கோப்பு சரியா இருக்கணும்டா."

இறங்கும் வழியில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குள் நுழையுங்கள், 1890இல் அப்பா கூலிட்ஜும் இன்னும் சில விவசாயிகளும் சேர்ந்து தொடங்கியது. கட்டி உதிரி உதிரியாக, கொஞ்சம் உப்பாக, நாக்கில் நிற்கிற ருசி. நன்றாகப் பழுக்கவைத்த வகையை வாங்குங்கள், இளசு சுமார்தான். நாங்கள் வாங்கியது மாலைக்குள் பாதி காலி.

ஜூலை 4 அன்று போனால் வெள்ளை மாளிகை அனுப்பும் மலர் வளையத்தை ஊர்வலமாக எடுத்துப்போய்க் கல்லறையில் வைப்பதைப் பார்க்கலாம். எனக்கு என்னவோ கூட்டமில்லாத சாதாரண நாள்தான் பொருத்தம் என்று படுகிறது.

மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன். வழியில் ஒரு சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடை, பெயர் வேண்டாம், சைவம் என்று அழுத்திச் சொன்னதற்கு வான்கோழியை மட்டும் எடுத்துவிட்டு மிச்ச சாண்ட்விச்சை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். சித்தப்பா காரில் இருந்த முறுக்கை எடுத்துக்கொண்டார். கையில் ஏதாவது வைத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் உட்ஸ்டாக், கவுன்ட்டியின் தலைநகர். இசை விழாவுக்குப் பெயர் கொடுத்த உட்ஸ்டாக் இது இல்லை, அது நியூயார்க் மாநிலம். 100ஏ சாலையில் வடக்கே வந்து 4ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினால் அரை மணி நேரம். ரிவர் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ஜேக்கப் காலமர் இருக்கிறார், அதிபர் டெய்லரின் தபால் துறைத் தலைவர். டெய்லர் 1850இல் இறந்ததும் பதவி போயிற்று, பிறகு செனட்டராகி 1865இல் இறக்கும்வரை இருந்தார். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலைதான் அனுமதி, வெர்மான்ட் அனுப்பிய இரண்டில் ஒன்று இவருடையது. ஆனாலும் அன்று நாங்கள் தேடிய நேரத்தில் இன்னொரு ஆள் வந்து பார்க்கவில்லை. பதவியில் இருக்கும்போதே 1870இல் இறந்த ஆளுநர் பீட்டர் வாஷ்பர்னும் இதே தோட்டத்தில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய தோட்டங்களில் பளிங்குக் கற்கள் அதிகம், மழையில் கரைந்து எழுத்து மழுங்கிப்போயிருக்கும், சிலவற்றில் விரலால் தடவித்தான் ஆண்டைப் படிக்க வேண்டியிருந்தது. கிரானைட் கல் அப்படிக் கரைவதில்லை. வெயில் சாய்வாக விழும் நேரம், அதாவது காலையிலோ மாலையிலோ போனால் எழுத்தின் நிழல் தெரிந்து படிக்க வரும். உச்சி வெயிலில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம், வீண்.

கடைசி நிறுத்தம் வின்சர் ஊர், வில்லியம் எவர்ட்ஸ். 1868இல் பதவி நீக்க விசாரணையில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனுக்காக வாதாடி, ஒரே ஓட்டில் தப்பித்த அந்த வழக்கின் வக்கீல்களில் ஒருவர். அதிபர் ஹேஸ் காலத்தில் வெளியுறவு அமைச்சர், பிறகு நியூயார்க் செனட்டர். இவரிடம் எனக்குப் பிடித்த கதை வேறு. சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் திரட்டிய குழுவின் தலைவர் இவர்தான். 1886 திறப்பு விழாவில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் மூச்சு விட ஒரு கணம் நிறுத்த, பேச்சு முடிந்தது என்று நினைத்துச் சிற்பி பார்த்தோல்டி திரையை இழுத்துவிட்டார். கப்பல்கள் எல்லாம் ஊதத் தொடங்க, மிச்சப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. சித்தப்பா இதற்குச் சிரித்த சிரிப்பில் கார் கண்ணாடி அதிர்ந்தது.

ஆனால் போய்ச் சேர்வதுதான் பாடு. இவர் இருப்பது வின்சர் ஊரிலுள்ள அஸ்கட்னி கல்லறைத் தோட்டம். அஸ்கட்னி என்ற பெயரில் தெற்கே தனியாக ஒரு ஊரும் இருக்கிறது, அருகிலுள்ள மலைக்கும் அதே பெயர். என் போனில் இருந்த வழிகாட்டும் செயலி நேரே அந்த ஊருக்குக் கூட்டிப்போய், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. சிக்னலும் போய்விட்டது. மலைப் பக்கம் இது சகஜம், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து சேர்வதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. எவர்ட்ஸுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகலாமா என்றால், வரலாற்றுக் கிறுக்கு இருந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

என் மதிப்பெண்: பிளிமத் நாட்ச் ஐந்துக்கு ஐந்து, உட்ஸ்டாக் மூன்றரை, வின்சர் கல்லறைக்கு இரண்டரை. வின்சருக்கு அரை மதிப்பெண் கூடக் கொடுக்கக் காரணம் கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866இல் கட்டிய மரக்கூரைப் பாலம். ஊர் எல்லையில் ஆற்றைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போகிறது, இன்றும் கார் போகலாம். நுழைவாயிலில் பழைய அறிவிப்பு ஒன்று: குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம். சித்தப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மெதுவாப் போடா, பத்து மைலுக்கு மேல போகாதே என்று பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.